மூன்றாவது கியூப்

இந்த உலகத்தில் ஒரு கான்கிரீட் கட்டி உடையவில்லையே என்று யாராவது மூக்கால் அழுதிருப்பார்களா, தெரியாது. கலவை மேடத்துக்கு அந்தத் திங்கட்கிழமை நடந்தது அதுதான்.

கலவை மேடம் என்பது லேபில் அவளுக்கு வைத்த பெயர். சிமெண்ட், மணல், ஜல்லி, தண்ணீர் நாலையும் எந்த அளவில் சேர்த்தால் எப்படிப்பட்ட கான்கிரீட் வரும் என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. அரசாங்கக் கட்டடத்தின் அடித்தளத்தில், வண்டி நிறுத்துமிடத்துக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவே, எப்போதும் ஈரம் பூத்திருக்கும் ஒரு நீளமான கூடம்தான் லேப். ஒரு மூலையில் கலவை இயந்திரம். நடுவில் கியூப் என்று சொல்லப்படும் சதுரக் கான்கிரீட் கட்டிகளை ஊறவைக்கும் தண்ணீர்த் தொட்டி. இன்னொரு மூலையில், சாமி மாதிரி தனியாக, கியூப்களை நசுக்கிப் பார்க்கும் இயந்திரம்.

அவளுடைய பைத்தியம் நானோ சிலிக்கா. நீலக் கேன்களில் வரும், பார்க்கப் பால் போலிருக்கும். அந்தப் பாலுக்குள் மிதக்கும் துகள்கள் எவ்வளவு சின்னவை என்று யாராவது கேட்டால் அவளுக்குக் கண் மின்னும். சிமெண்டின் ஒரு துகளைப் பூசணிக்காய் என்று வைத்துக்கொண்டால் இது கசகசாவை விடச் சின்னது. பூசணிக்காய்களை எப்படி அடுக்கினாலும் நடுவில் சந்து இருக்கும். கான்கிரீட்டிலும் அப்படித்தான். அந்தச் சந்துகள் வழியாக உப்புத் தண்ணீர் மெதுவாக உள்ளே போகும். கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடித்து உப்பும். உப்பிய கம்பி கான்கிரீட்டை உள்ளேயிருந்து பிளக்கும். கசகசா போய் அந்தச் சந்துகளில் உட்கார்ந்துகொண்டால் தண்ணீருக்கு வழி கிடையாது. அதுவும் சும்மா உட்காராது. சிமெண்ட் மிச்சம் வைக்கும் சுண்ணாம்பைத் தின்று, அதையும் பசையாக மாற்றிவிடும்.

இதைச் சொல்லும்போது அவள் குரல் காதல் கதை சொல்கிறவள் குரல் மாதிரி இறங்கும். கேட்பவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

ஊருக்கு வெளியே, கடல் தண்ணீர் ஏறி இறங்கும் உப்புக்கழியின் மேல் ஒரு புதுப் பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே பழைய பாலம். அதன் தூண்களில் கான்கிரீட் உதிர்ந்து, உள்ளிருக்கும் கம்பிகள் விலா எலும்பு போலத் துருத்திக்கொண்டு நின்றன. பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஜனங்கள் இறங்கி நடந்து, அக்கரையில் வேறு பஸ் பிடித்தார்கள். புதுப் பாலத்தின் முதல் தூணுக்கு எந்தக் கலவையை ஊற்றுவது என்பதுதான் கேள்வி. ஏற்கெனவே ஒப்புதல் வாங்கிய வழக்கமான கலவை ஒன்று தயாராக இருந்தது. பழைய பாலத்துக்குப் போட்டதற்கு அது ஒன்றுவிட்ட தம்பி. இன்னொன்று அவளுடையது. கழியில் தண்ணீர் நன்றாக இறங்கும் வியாழக்கிழமைக்குள் அவள் கலவைக்கு ஒப்புதல் வந்தால் தூணுக்குள் அது போகும். வராவிட்டால் ஒன்றுவிட்ட தம்பி போவான். அவ்வளவுதான்.

பாலத்து வேலையைப் பார்க்கும் சைட் இன்ஜினியர் அவளுடைய சொந்த அண்ணன். இது ஒரு வசதி என்று நினைப்பவர்களுக்கு அண்ணன் கிடையாது.

ஒப்புதலுக்கு மூன்று கியூப் உடைக்க வேண்டும். இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறிய மூன்று கியூப், மூன்றும் உடையும் அழுத்தத்தின் சராசரி அறுபதுக்குக் குறையக் கூடாது. இதுதான் விதி. இயந்திரத்தை ஓட்டுபவருக்கு லேபில் நசுக்கி என்று பெயர். அவரே அதை ரசித்து வைத்திருந்தார். யாராவது புதிதாக வந்தால், "நான்தான் நசுக்கி" என்று கைகொடுப்பார். வந்தவர் கையை மெதுவாக இழுத்துக்கொள்வார்.

முதல் கியூப் எண்பத்துநாலில் உடைந்தது. கம்பி வலைக் கதவுக்குப் பின்னால் டமாரென்று ஒரு சத்தம். தொட்டித் தண்ணீர் நடுங்கியது. இரண்டாவது எண்பத்தாறு. அதற்கு இன்னும் பெரிய டமார். அவள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்றாவதை வைத்தார்கள். எண் ஏறியது. எண்பது. எண்பத்தைந்து. எண்பத்தேழு. எண்பத்தெட்டில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. இயந்திரத்தின் சக்தி அவ்வளவுதான் என்று அர்த்தம். எண் கோட்டைத் தொட்டது, நின்றது. கியூப் அசையவில்லை. நசுக்கி அழுத்தத்தை இறக்கினார். கதவைத் திறந்து கியூபைத் தட்டிப் பார்த்தார். அது கணீரென்றது.

"கல்லுளிமங்கன்" என்றார் நசுக்கி, மரியாதையோடு.

அவள் கைதட்டினாள். நிஜமாகவே கைதட்டினாள். இயந்திரத்தால் உடைக்க முடியாத கான்கிரீட்டைச் செய்தவள் என்ற சந்தோஷத்தில், படியில் இரண்டிரண்டாக ஏறி, முடிவுகளைக் கணினியில் ஏற்றும் பதிவு அக்காவிடம் தாளைக் கொடுத்துவிட்டு, கேண்டீனில் ஒரு டீயும் குடித்தாள். அந்த டீதான் அவள் அந்த வாரம் நிம்மதியாகக் குடித்த கடைசி டீ.

டம்ளரைக் கழுவி வைப்பதற்குள் அக்கா கூப்பிட்டு அனுப்பினாள்.

"என்னம்மா இது, உன் கலவை ஃபெயிலாயிடுச்சே."

"என்னது?"

அக்கா திரையைத் திருப்பிக் காட்டினாள். எண்பத்துநாலு. எண்பத்தாறு. பூஜ்யம். சராசரி ஐம்பத்தாறு புள்ளி ஏழு. பக்கத்தில் ரத்தச் சிவப்பில்: நிராகரிக்கப்பட்டது.

"அக்கா, பூஜ்யம் எங்கிருந்து வந்துச்சு?"

"நீ நம்பரே எழுதலையே. கட்டத்த காலியா விட்டா அதுவா பூஜ்யம் போட்டுக்கும்."

"அது உடையவே இல்லக்கா! அதனாலதான் நம்பர் இல்ல. மூணுலயும் அதுதான் பலசாலி!"

"இருக்கலாம்மா. ஆனா கம்ப்யூட்டருக்கு அது தெரியாதே."

"அப்ப எண்பத்தெட்டுன்னு போடுங்க. அதுக்கு மேலதான், கம்மி இல்ல."

அக்கா பொறுமையாக எண்பத்தெட்டு என்று அடித்தாள். உடனே திரையில் இன்னொரு கட்டம் முளைத்தது: எந்த விதமாக உடைந்தது? கூம்பாகவா, பிளந்தா, சாய்வாகவா? அதற்குக் கீழே இன்னொன்று: உடைந்த துண்டுகளின் புகைப்படம்.

"உடையலன்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்கக்கா."

"கூம்பு, பிளவு, சாய்வு. மூணுதான்."

"உலகத்துல உடையாத பொருளே கிடையாதுன்னு யாரு முடிவு பண்ணாங்க?"

"என்னக் கேட்டா? நான் டைப் அடிக்கிறவ." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "ஏதோ ஒரு பழைய உடைஞ்ச துண்ட போட்டோ எடுத்துப் போட்டுடேன். யாரு பாக்கப் போறா?"

அவளுக்கு ஒரு நொடி ஆசை வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. அந்தத் தாளில் நசுக்கியின் கையெழுத்தும் வேண்டும். நசுக்கி, உடையாததை உடைந்தது என்று எழுதித் தர மாட்டார். அவரிடம் கேட்டால் பேசுவதையே நிறுத்திவிடுவார். தவிர, பொய் சொல்லி நுழைந்த கலவை என்று நாளைக்கு யாராவது சொன்னால், பத்து வருஷத்துக்கு நானோ என்ற வார்த்தையையே இந்தக் கட்டடத்தில் யாரும் எடுக்க மாட்டார்கள்.

தலைமைப் பொறியாளரின் அறைக்குப் போனாள். தலைமை நல்ல மனிதர். அதுதான் பிரச்சினையே. கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம். இவர் எல்லாவற்றையும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார். கேட்டு முடித்த பிறகுதான், அவர் கேட்டது வேறு எதையோ என்று தெரியும்.

"புரியுதும்மா. ஒரு கியூப் சரியா வரல."

"சார், சரியா வரலைன்னு இல்ல. ரொம்பச் சரியா வந்துடுச்சு. மிஷினால உடைக்க முடியல."

"அதான். உடைஞ்சாத்தானே பலம் தெரியும்? உடையாம எப்படி நம்புறது?"

"சார், ஒருத்தர் எடைமிஷின்ல ஏறி நிக்கிறார். முள்ளு கடைசிக்கே போய் முட்டுது. அதுக்காக அவருக்கு எடையே இல்லைன்னு எழுதுவோமா?"

"எழுத மாட்டோம்." தலைமை யோசித்தார். "இறங்கிட்டு இளைச்சு வரச் சொல்லுவோம்."

அவள் சுவரைப் பார்த்தாள். சுவரில் ஒரு பல்லிகூட இல்லை, பரிதாபப்படுவதற்கு.

"கோவிச்சுக்காதம்மா. ஒரு யோசனை சொல்றேன். அந்த நானோவ கொஞ்சம் கம்மி பண்ணிடேன். பாதி போடு. எழுபதுல உடையட்டும். நமக்கு வேண்டியது அறுபதுதானே? அழகா உடையும், அழகா நம்பர் வரும், நானும் அழகா கையெழுத்துப் போடுவேன்."

"பலத்துக்காக மட்டும் நான் அதப் போடல சார். சந்து அடையணும். உப்புத் தண்ணி உள்ள போகக் கூடாது. பாதி போட்டா பாதி சந்து திறந்து கிடக்கும்."

"அதுக்கு ஏதாவது நம்பர் கேக்கறாங்களா?"

"கேக்கல."

"பாத்தியா" என்றார் தலைமை, ரொம்ப அன்போடு. "புதுசா கியூப் போட்டுட்டு வா."

"புது கியூப் ஊறி வர மாசமாயிடும் சார். வியாழக்கிழமை தூணுக்கு ஊத்துறாங்க."

"அப்ப முதல் தூணுக்கு வழக்கமானத ஊத்தட்டும். உன்னோடத அடுத்ததுக்குப் பாப்போம். எங்க ஓடிடப் போகுது பாலம்?"

பாலம் ஓடாது. அதுதானே அவள் கவலையும். அது அங்கேயே, அந்த உப்புத் தண்ணீரிலேயே, யார் வந்தாலும் போனாலும் முழங்கால் நனைய நின்றுகொண்டிருக்கும். எல்லாத் தூணும் நன்றாக இருந்து ஒரு தூண் மட்டும் இற்றுப்போனாலும் பாலம் பாலமில்லை.

"வேற ஊர்ல பெரிய மிஷின் இருக்கு சார். அங்க கொண்டுபோய்..."

"அவங்க நம்பர் அவங்களுக்கு. நம்ம நம்பர் நமக்கு." அவர் எழுந்து கதவு வரை வந்து வழியனுப்பினார். "அந்த கியூப் இன்னும் இருக்கில்ல? சோதனை முடியலன்னுதான் நான் வெச்சுக்கறேன். நம்ம மிஷின்லயே உடைச்சுக் காட்டு. நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்?"

கீழே வந்ததும் நசுக்கியிடம் கேட்டாள். கோட்டைத் தாண்டி ஒரே ஒரு தடவை, கொஞ்சூண்டு.

நசுக்கி துணியால் இயந்திரத்தின் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை. "என்ன கேக்கறீங்கன்னு தெரிஞ்சுதான் கேக்கறீங்களா மேடம்?"

"தெரியும் தலைவரே."

"உள்ள எண்ணெய் நிக்குது. அந்த அழுத்தத்துல ஒரு இணைப்பு பிச்சுக்கிட்டா நீங்களும் நானும் இந்தச் செவுத்துல போட்டோவா ஆயிடுவோம். கோடு கோடுதான். என் பொண்டாட்டி வந்து கேட்டாலும் தாண்ட மாட்டேன்."

"உங்க பொண்டாட்டி எதுக்கு இதக் கேக்கறாங்க?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

அதற்குள் போன் அடித்தது. அண்ணன்.

"பாப்பா, உடைஞ்சுதா?"

"இல்லண்ணா."

"ஏன்?"

"பலமா இருக்கு."

"அடிப்பாவி, பலமா இருந்தா சந்தோஷப்படு. ஏன் இழவு வீட்டுல பேசற மாதிரி பேசற?"

விளக்கினாள். அந்தப் பக்கம் ஜல்லி கொட்டும் ஓசை கேட்டது. பிறகு அண்ணன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இதப்பாரு. இங்க தூணுக்குப் பலகை கட்டி சென்ட்ரிங் அடிச்சு முடிச்சாச்சு. தண்ணி இறைச்சுக்கிட்டே இருக்கோம். வியாழக்கிழமைய விட்டா தள்ள முடியாது. புதன் சாயங்காலத்துக்குள்ள நீ காகிதம் குடுக்கலன்னா நான் வழக்கமானதுக்கு லாரி சொல்லிடுவேன். தங்கச்சின்னு பாக்க மாட்டேன்" என்றான்.

"பழைய பாலத்த தினம் பாத்துட்டுத்தானே நிக்கற? அதையே மறுபடி ஊத்தறேன்னு சொல்ல உனக்கு வாய் கூசல?"

"கூசுது. ஆனா கூசுற வாய வெச்சு தூண் கட்ட முடியாது. நம்பர் கொண்டா."

செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் உடைக்கத்தான் பார்த்தாள். அறுத்துச் சின்னதாக்கி உடைக்கலாமா என்று கேட்டாள். சின்னதை உடைக்க அவ்வளவு சக்தி வேண்டாம், கோட்டுக்குள்ளேயே உடைந்துவிடும், அதிலிருந்து கணக்குப் போடலாம். தலைமை, "கியூபோட கையக் கால வெட்டிட்டு சோதனை பண்றது நியாயமாம்மா?" என்றார். அதற்குள் விஷயம் மாடி முழுக்கப் பரவிவிட்டது. வரைபடப் பிரிவிலிருந்து ஒருத்தர் இறங்கி வந்து, சம்மட்டியால் ஒரு போடு போட்டால் ஆயிற்று என்றார். "சம்மட்டிக்கு என்ன நம்பர் எழுதுறது?" என்று கேட்டாள். "உங்க இஷ்டம்" என்றார். தோட்டக்காரர் வந்து, உடையாதென்றால் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே வார்த்தை: உடைஞ்சுதா? படியில் எதிர்ப்பட்டால் உடைஞ்சுதா, கேண்டீனில் வரிசையில் நின்றால் உடைஞ்சுதா. காவல்காரர்கூட, சாயங்காலம் அவள் வெளியே போகும்போது கேட் கதவைப் பிடித்தபடி, "இன்னும் உடையலையாமே" என்றார், ஏதோ கல்யாணம் ஆகவில்லையாமே என்பது போல.

இரண்டு வருஷம் அவள் உடையக் கூடாது என்று பாடுபட்டிருந்தாள். நானோவை அப்படியே கொட்டினால் கட்டிகட்டியாகத் திரண்டுகொள்ளும் என்பதால், தண்ணீரில் முதலில் கரைத்து, கலக்கி, ஒரு திரளும் இல்லை என்று உறுதியான பிறகே சிமெண்டில் விடுவாள். அப்படியும் கலவை பசை மாதிரி பிடித்துக்கொண்டு நகராது. அதை நகரவைக்க எத்தனை மருந்து, எத்தனை அளவு. கடைசியில் ஒரு நாள் அது கருநிறத்தில், வழவழவென்று, தேன் இறங்குவது போல அச்சில் இறங்கியது. அன்றைக்கு அவள் வீட்டுக்கு நடந்தே போனாள், பஸ்ஸில் ஏறினால் அந்த நினைப்பு கலைந்துவிடும் என்று. அப்படிப்பட்ட கலவை இன்று செய்த ஒரே குற்றம், சொன்னதைச் செய்தது.

செவ்வாய் ராத்திரி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவளும் அண்ணனும் அண்ணியும் ஒரே வீடு. வைத்த தட்டில் அவள் கை வைக்கவில்லை.

"உடைஞ்சுதா?" என்றான் அண்ணன்.

"இல்ல."

அண்ணி தண்ணீர்ச் செம்போடு வந்தாள். "என்ன, அது உடைஞ்சுதா?"

"இல்லண்ணி."

அண்ணன் நாலு வாய் சாப்பிட்டான். "முழுசா உடையலன்னாலும் லேசாவாவது உடைஞ்சுதா?"

"அண்ணா!"

"கேட்டேன். கேக்கக் கூடாதா?"

"முதல் தடவ கேட்டப்ப எனக்கு ஒண்ணும் ஆகல. பத்தாவது தடவ கேட்டப்பவும் தாங்கினேன். இப்படியே ஆளாளுக்கு, மாத்தி மாத்தி, அதே கேள்வியக் கேட்டுட்டே இருந்தீங்கன்னா, அந்தக் கல்லு உடையறதுக்கு முன்னாடி நான் உடைஞ்சு..."

அவள் நிறுத்தினாள்.

"என்ன?" என்றான் அண்ணன்.

அவள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னொரு தடவ கேளு."

"எதுக்கு? சோத்துத் தட்டாலயே அடிப்ப."

"கேளுண்ணா."

"உடைஞ்சுதா?" என்றான் அண்ணன், நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டு.

"நாளைக்கு உடையும்" என்று சொல்லிவிட்டு அவள் சாப்பிட ஆரம்பித்தாள். அண்ணி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் விரலால் நெற்றிப் பொட்டில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினான்.

புதன்கிழமை காலையில் நசுக்கிக்கு முன்னால் அவள் வந்து இயந்திரத்தின் பக்கத்தில் நின்றாள்.

"தலைவரே, கோட்டைத் தாண்ட வேண்டாம். கோடு வரைக்கும் போங்க. தொட்டதும் இறங்குங்க. மறுபடி போங்க. மறுபடி இறங்குங்க. அவ்வளவுதான்."

"எவ்வளவு நேரம்?"

"அது ஒத்துக்கற வரைக்கும்."

நசுக்கிக்குப் புரிந்துவிட்டது. ஒரே தடவை தாங்கும் சுமையைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் எதுவும் தாங்காது. கண்ணுக்குத் தெரியாத மயிரிழைக் கீறல்கள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் நீளும். ஒன்று இன்னொன்றைப் போய்த் தொடும். அவர் கியூபைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"அது நியாயமா மேடம்? ஜெயிச்சு நிக்குது அது."

"நியாயம் கேக்கறவங்க மாடியில யாரும் இல்ல. நம்பர் கேக்கறவங்கதான் இருக்காங்க. போடுங்க."

கதவை மூடினார். எண் ஏறியது, கோட்டைத் தொட்டது, இறங்கியது. ஏறியது. இறங்கியது. முதலில் நின்றுகொண்டிருந்தார்கள். பிறகு உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் நசுக்கி, "சபாஷ்" என்று வாய்க்குள் சொல்வது அவளுக்குக் கேட்டது.

"யார் பக்கம் தலைவரே நீங்க?"

"எண்ணெய்ப் பக்கம்" என்றார் அவர். ஆனால் கண் வலைக்குள் இருந்தது.

மதியத்துக்குள் தலைமை கீழே வந்தார். வரைபடக்காரர், தோட்டக்காரர், பதிவு அக்கா எல்லோரும் பின்னாலேயே. ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். தலைமை இரண்டு தடவை பார்த்தார். "ஏம்மா, அதே தானே பண்ற? அதே பண்ணா அதே தானே வரும்?" என்றார்.

"வராது சார்."

"எப்படிச் சொல்ற?"

அனுபவம் சார் என்று சொல்ல அவள் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

எத்தனையாவது தடவை என்பதில் பின்னால் அவளுக்கும் நசுக்கிக்கும் ஒத்தே வரவில்லை. எண் எழுபதைத் தாண்டும்போது ஒரு மெல்லிய சத்தம் கேட்டது, எங்கோ தூரத்தில் யாரோ ஒரு சுள்ளியை ஒடித்தது போல. நசுக்கியின் கை நின்றது.

"நிறுத்தாதீங்க" என்றாள் அவள். குரல் தனக்கே பிடிக்கவில்லை.

எழுபத்தொன்பதில் உடைந்தது. மற்ற இரண்டையும் போல டமாரென்று வெடிக்கவில்லை. பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம், அப்புறம் துண்டுகள் வலையில் சரிந்து விழும் சரசரப்பு. பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். தலைமைகூடத் தட்டினார்.

கதவைத் திறந்து அவள் ஒரு துண்டை எடுத்தாள். ஜல்லிக் கல்லே நடுவில் பிளந்திருந்தது. சாதாரணக் கான்கிரீட்டில் கல் அப்படியே இருக்கும், அதைச் சுற்றியுள்ள பசைதான் விடும். இதில் பசை விடவில்லை. கல் விட்டிருந்தது. ஒரு வெள்ளைத் திரள் கிடையாது, ஒரு ஓட்டை கிடையாது. கருஞ்சாம்பல் நிறத்தில், ரொட்டி வெட்டியது போல வழவழப்பாக. அவள் அதை விரலால் தடவிக்கொண்டே நின்றாள்.

"எண்பத்துநாலு, எண்பத்தாறு, எழுபத்தொன்பது" என்று வாசித்தாள் பதிவு அக்கா, மாடியில். "எப்படி உடைஞ்சுதும்மா? கூம்பா, பிளவா, சாய்வா?"

"அலுத்துப்போய்."

"ம்?"

"கூம்புன்னு போடுங்கக்கா."

அக்கா அதை அடித்த பிறகும் அவள் நகரவில்லை. "அக்கா, கீழ ஒரு குறிப்புப் போட முடியுமா? எழுபத்தொன்பது இதோட பலம் இல்ல, பல தடவ ஏத்தி இறக்கின பிறகு வந்த எண்ணுன்னு."

"குறிப்புக்கு முப்பது எழுத்துதான்மா."

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். 'பலமுறை ஏற்றியபின் உடைந்தது' என்று போடச் சொன்னாள். அக்கா போட்டாள். அதை யாரும் படிக்கப் போவதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. சராசரி எண்பத்துமூன்று. திரை பச்சையாயிற்று.

தலைமை கையெழுத்துப் போடும்போது முகமெல்லாம் நிம்மதி. "இப்பத்தாம்மா எனக்கு உன் கலவை மேல நம்பிக்கையே வருது" என்றார். "நேத்து வரைக்கும் கொஞ்சம் பயமாவே இருந்துச்சு."

அவள் தாளை வாங்கிக்கொண்டு படிகளில் இறங்கினாள். பாதி வழியில் நின்று ஒரு தடவை காலைத் தரையில் உதைத்துவிட்டு, மறுபடி இறங்கினாள்.

வியாழக்கிழமை கழியில் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. சேறு வெயிலில் மினுங்கியது. லாரிகள் வரிசையாக நின்றன. முதல் லாரியின் பீப்பாய் திரும்பி, அவளுடைய கலவை கருநிறத்தில், வழவழவென்று, பம்பின் வாயில் இறங்கியபோது அவள் ஒரு அடி முன்னால் போய் எட்டிப் பார்த்தாள். அண்ணன் தலைக்கவசத்தோடு பக்கத்தில் வந்து நின்றான்.

"திருப்தியா?"

"பாத்துட்டுச் சொல்றேன்."

"ஒரு தடவையாவது ஆமான்னு சொல்லேன்."

மேடையின் மேல் நின்ற கொத்தனார் மண்வெட்டியால் ஒரு கிளறு கிளறினார். வரவில்லை. இன்னொரு கிளறு. "என்ன சார் இது, மாவு மாதிரி ஒட்டிக்குது? இத எப்படி இழுக்கறது?" என்றவர் கீழே திரும்பி, "ஏம்பா, அந்த ஹோஸ இப்படி வீசு. ரெண்டு வாளி தண்ணி விட்டா சொன்ன பேச்சு கேக்கும்" என்றார்.

ரெண்டு வாளி தண்ணீர். அடைத்த சந்துகளையெல்லாம் ரெண்டு வாளியில் திறந்துவிடலாம்.

அவள் ஓடினாள். சேற்றில் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு ஓடினாள். தண்ணீர்த் தொட்டியின் குழாயை மூடினாள். திருகு கழன்று வரும் வகை. அதைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "ஒரு சொட்டு விழக் கூடாது! வைப்ரேட்டர் போடுங்க, தானா இறங்கும்!" என்று கத்தினாள்.

"யாருப்பா இந்தம்மா?" என்றார் கொத்தனார்.

"என் தங்கச்சி" என்றான் அண்ணன். "அவ சொல்றபடி செய்யுங்க. நான் அனுபவிச்சுட்டுச் சொல்றேன்."

முனகிக்கொண்டே வைப்ரேட்டரை விட்டார்கள். ஒட்டிக்கொண்டு நின்ற கலவை நடுங்கி, சற்று யோசித்து, பிறகு கம்பிகளுக்கு நடுவே சரசரவென்று இறங்கியது. அவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு, குழாய்க்கு முன்னால், ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் சேற்றோடும் உட்கார்ந்தாள். போன் அடித்தது. தலைமை.

"என்னம்மா, ஊத்தறாங்களா? நல்லது. அடுத்த தூணுக்கு கியூப் போடுறப்ப ஒண்ணு மட்டும் பாத்துக்கோ. முதல் தடவையிலேயே உடையற மாதிரி போட்டுடு. எல்லாருக்கும் சிரமம் பாரு."

"சரி சார்" என்றாள் அவள்.

போனைக் கீழே வைத்துவிட்டு, வாளியை இன்னும் கொஞ்சம் குழாயை ஒட்டி நகர்த்திப்போட்டுக்கொண்டாள். கொத்தனார் மேலேயிருந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். தூண் நிறையும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.